முதல்ல அவுட்டானவன்

எங்க குருவுக்குத் தாடி கிடையாது. கழுத்துல விசில் உண்டு.

பேரு எமரன்சியா. தூத்துக்குடிப் பக்கம். நாங்க பதினொண்ணாவது படிக்கிறப்ப எங்க ஊர் மேல்நிலைப் பள்ளிக்கு பி.டி. டீச்சரா வந்தாங்க. எங்களைவிட ஆறேழு வயசுதான் மூத்தவங்க. பொம்பளை வந்து நமக்குக் கபடி சொல்லித்தரப் போகுதாம்னு சிரிச்சோம். சிரிச்ச வாயெல்லாம் ஒரே வாரத்துல மூடிக்கிச்சு. அந்த வருஷம் மாவட்டக் கோப்பை எங்களுக்குத்தான்.

நான் ஒச்சப்பன். பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்புல கறிக்கடை வச்சிருக்கேன். இன்னைக்கும் டீச்சரோட ஸ்கூட்டி சத்தம் கேட்டா, கத்தியைக் கீழ வச்சிட்டுக் கையைத் துடைச்சுக்கிருவேன். நாப்பது வயசு ஆளு இப்படியான்னு என் பொண்டாட்டி கேலி பண்ணுவா. பயமெல்லாம் இல்ல. தேர் தெருவுல வந்தா திண்ணையை விட்டு எந்திரிச்சு நிக்கிறோமே, அது மாதிரி. அவங்க ஒரு நாள்கூட எங்களை அடிச்சதில்ல. சத்தம் போட்டதும் இல்ல. ஆனாலும் அப்படித்தான்.

வருஷா வருஷம் காணும் பொங்கலன்னைக்குப் பள்ளிக்கூட மைதானத்துல ஒரு ஆட்டம் நடக்கும். ஒரு பக்கம் இப்ப படிக்கிற பசங்க. இன்னொரு பக்கம் நாங்க, பழைய மாணவர்கள். தொந்தியும் மூச்சிரைப்புமா இறங்குவோம், தோப்போம், டீச்சர் வாங்கித் தர்ற கரும்பைக் கடிச்சிக்கிட்டு வீட்டுக்குப் போவோம். டீச்சர்தான் நடுவர்.

இந்த வருஷம் ஆட்டம் ஆரம்பிக்கப் போற நேரம், கேட்டுப் பக்கத்துல, தோள்ல ஒரு பையோட ஒருத்தன் நின்னான். உள்ளயும் வரல, வெளியயும் போகல. உத்துப் பார்த்தா காசிமாயன்.

ஏழு வருஷமா ஊர்ப் பக்கமே தலை காட்டாத ஆளு.

மாயன்தான் எங்க கேப்டன். அவன் ரைடு போனா எதுத்தாப்புல நிக்கிறவங்க தன்னால பின்வாங்குவாங்க. வெறுங்கையோட அவன் திரும்பி வந்து நான் பார்த்ததில்ல. போலீஸ்ல விளையாட்டுக் கோட்டாவுல எடுத்துருவாங்கன்னு ஊரே சொல்லுச்சு. செலக்சன்ல முட்டி புரண்டுச்சு. போலீஸ் வேலையும் போச்சு, கபடியும் போச்சு. அப்புறம் குடி. தங்கச்சி பேச்சியம்மாளோட வளைகாப்புக்கு நிறைபோதையில வந்து, பந்தியில இலை மேல விழுந்தான். சபையில அவுங்க அப்பா ஒரு அறை விட்டு, "இனி என் கண்ணுல முழிக்காத"ன்னாரு. அன்னைக்குத் திருப்பூருக்கு பஸ் ஏறினவன்தான். அங்க போயி குடியை விட்டுட்டான்னு கேள்வி. பனியன் கம்பெனியில நல்ல பேரு. ஆனா ஊருக்குத் திரும்பல.

அந்த வளைகாப்புக்குப் பொறந்த பிள்ளைக்கு இன்னும் காது குத்தல. எங்க பக்கம் தாய்மாமன் மடியில உட்கார வச்சுத்தான் குத்துவோம். மாமன் இல்லாத வீட்டுல சித்தப்பன் மகன், பெரியப்பன் மகன்னு யாரையாவது உட்கார வச்சு ஒப்பேத்திருவாங்க. அதுக்குப் பேச்சியம்மா சம்மதிக்கல. "எங்கண்ணன் என்ன செத்தா போச்சு?"ன்னு கேட்டுட்டா. அதுக்கு மேல யாரு வாயைத் திறப்பா? பிள்ளை பள்ளிக்கூடம் போகுது. கூடப் படிக்கிறதுக மொட்டைக் காதின்னு கூப்பிடுதுக. அழுதுக்கிட்டு வருதாம்.

காணும் பொங்கலுக்கு மறுநாள் காலையில கருப்பு கோயில்ல காதுகுத்துன்னு வச்சிருந்தா பேச்சியம்மா. என் போன்லதான் அண்ணன்கிட்டப் பேசினா. "வாண்ணே. நீ வராட்டி பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு அப்படியே திரும்பிருவேன்."

அதுக்குத்தான் வந்திருக்கான். வந்தவன் வீட்டுக்குப் போகாம நேரா இங்க வந்து நிக்கிறான். வீட்டுக்கும் மைதானத்துக்கும் நடுவுல ஒரே ஒரு தெருதான்.

டீச்சர் அவனைப் பார்த்தாங்க. "வா மாயா"ன்னாங்க. நேத்து சாயங்காலம் பார்த்தவனைக் கூப்பிடுற மாதிரி.

அவன் வந்து கையைக் கட்டிக்கிட்டு நின்னான்.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"நாளைக்கு நான் போகவா, வேணாமா?"

டீச்சருக்கு எல்லாம் தெரியும். ஊர்ல எது அவங்களுக்குத் தெரியாது? அவனை ஒரு தடவை மேலயும் கீழயும் பார்த்தாங்க.

"டவுசர் கொண்டாந்திருக்கியா?"

"என்ன டீச்சர்?"

"ஒரு ஆளு குறையுது. ஒச்சு, உன் பையில இன்னொண்ணு இருக்கும்ல, குடு."

எனக்குப் பொறுக்கல. "டீச்சர், அவன் வாழ்க்கைப் பிரச்சனை கேக்குறான்."

"நான் ஆளு பத்தாத பிரச்சனையில இருக்கேன். குடு."

குடுத்தேன். வேற என்ன பண்றது?

ஆட்டம் ஆரம்பிச்சுச்சு. முதல் ரைடு மாயன். அவன் கோட்டைத் தொட்டுக் கும்பிட்டதும் கூட்டத்துல பெருசுக எல்லாம் எந்திரிச்சு நின்னுட்டாங்க. "டேய், நம்ம மாயன்டா!" பசங்களுக்கு அவனை யாருன்னே தெரியாது. நல்லாத்தான் போனான். அதே குனிவு, அதே கை வீச்சு. திரும்புறப்பதான் முட்டி சொன்னபடி கேக்கல. ஓரத்துல நின்ன ஒல்லிப் பையன் ஒருத்தன் கணுக்காலைக் கப்புன்னு பிடிச்சான். மத்ததுக மேல விழுந்து அமுக்கிருச்சுக. விசில்.

மாயன் எந்திரிச்சான். யாரையும் பார்க்கல. கோட்டைத் தாண்டினான். சட்டையை எடுத்து மாட்டினான். பையைத் தோள்ல போட்டுக்கிட்டு நேரா கேட்டுக்கு நடந்துட்டான்.

நான் டீச்சரைப் பார்த்தேன். டீச்சர் ஆட்டத்தைப் பார்த்துக்கிட்டிருந்தாங்க.

இந்த இடத்துல ஒண்ணு சொல்லணும். கபடில அவுட்டானவன் ஆட்டத்தை விட்டுப் போறதில்ல. கோட்டுக்கு வெளிய உட்காரணும். உள்ள இருக்கிற நம்ம ஆளு எதிராளி ஒருத்தனைத் தொட்டுட்டு வந்தா, வெளிய இருக்கிற ஒருத்தனுக்கு உயிர் வரும். முதல்ல அவுட்டானவன் முதல்ல உள்ள போவான். இது எல்லா ஊர்லயும் உள்ள சட்டம்தான். டீச்சர் நடத்துற களத்துல மட்டும் இதுல ஒரு முடிச்சு உண்டு. முதல்ல அவுட்டானவன் அந்த இடத்துல இல்லேன்னா, அவனுக்குப் பின்னால இருக்கிற எவனும் உள்ள போக முடியாது. வரிசை நகராது.

வந்த புதுசுல ஒரு மாசம் எங்களுக்கு இதைத்தான் சொல்லித் தந்தாங்க. அவுட்டாகு, போயி உட்காரு. தண்ணி குடிக்கப் போகாத. பேசாத. ஆட்டத்தைப் பாரு. "கபடி சொல்லித் தர்றாங்களா, பந்திக்கு ஆளு உட்கார வைக்கிறாங்களா?"ன்னு நான் முணுமுணுத்தது அவங்க காதுல விழுந்துருச்சு. "பந்தியிலயும் எடத்தைப் பிடிச்சு உட்கார்ந்தவனுக்குத்தான் ஒச்சு சோறு"ன்னாங்க.

எங்களை மாதிரி ஆளுக தினம் அவுட்டாவோம், தினம் உட்காருவோம். மாயன் எங்க உட்கார்ந்தான்? அவன் அவுட்டானாத்தானே!

சரி, ஆட்டத்துக்கு வர்றேன். மாயனுக்கு அடுத்து போஸு அவுட்டானான். போஸு அரிசி மண்டிக்காரன், மாடியேறினாலே மூச்சு வாங்கும். அப்புறம் இன்னும் ரெண்டு பேரு. நாலு பேரு போயி உள்ள நாங்க மூணு பேருதான். நான் ரைடு போனேன். என் குலசாமி புண்ணியம், ஒரே தடவையில ரெண்டு பசங்களைத் தொட்டுட்டு விழுந்து புரண்டு கோட்டுக்கு வந்துட்டேன். கைதட்டு காதைப் பிளந்துச்சு. எங்களுக்கு ரெண்டு உயிர்.

டீச்சர் ரெண்டு விரலைத் தூக்கினாங்க. உள்ள யாரும் வரல.

போஸு எந்திரிச்சான்.

"போஸு, உட்காரு."

"டீச்சர், மாயன் போயிட்டான்."

"போனவன் வரட்டும்."

"வரலேன்னா?"

"உட்காரு."

போஸு உட்கார்ந்துட்டான். அடுத்த ரைடுல பசங்க எங்க ஆளு ஒருத்தனைத் தொட்டுட்டுப் போயிட்டானுக. உள்ள ரெண்டே பேரு. பசங்க விசிலடிக்கிறானுக. எனக்குக் கொதிச்சுருச்சு.

"இது அநியாயம் டீச்சர். விட்டுட்டுப் போனது அவன். தண்டனை எங்களுக்கா?"

"அது அவனுக்குத் தெரியுமா?"

டீச்சர் நீளமா ஒரு விசில் ஊதி ஆட்டத்தை நிப்பாட்டினாங்க. சேலை முந்தானையை இடுப்புல செருகிக்கிட்டு கேட்டைப் பார்த்து நடந்தாங்க. நானும் மேலெல்லாம் மண்ணோட பின்னால ஓடினேன்.

மாயன் ரோட்டுக்கு அந்தப் பக்கம் பஸ்ஸுக்கு நின்னுக்கிட்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் தலையைக் குனிஞ்சான்.

"நான்தான் அவுட்டாயிட்டேனே டீச்சர்."

"தெரியும். நான்தானே விசில் ஊதுனேன்."

"அப்புறம் எதுக்கு வந்தீங்க? அங்க வேற ஆளா இல்ல?"

"இருக்காங்க. உட்கார்ந்திருக்காங்க."

"அதுல ஒருத்தனை உள்ள விடுங்க."

"எப்படி விடுறது? நீ முதல்ல அவுட்டானவன்."

மாயன் நிமிர்ந்து பார்த்தான். முகமெல்லாம் வேர்வை. கண்ணு சிவந்து கிடந்துச்சு.

"நான் வந்து என்ன ஆகப்போகுது? முட்டி போச்சு. மறுபடியும் பிடிச்சிருவானுக."

"பிடிக்கட்டும்."

"ஊரே சிரிக்குது டீச்சர்."

"சிரிக்கத்தானே வந்திருக்காங்க. காணும் பொங்கல் வேற."

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. அவனுக்கு வரல. அப்புறம் டீச்சர் சொன்னது எங்க ரெண்டு பேரையும் ஆட்டிருச்சு.

"தப்பு என் மேலதான் மாயா. எல்லாருக்கும் உட்காரச் சொல்லிக் குடுத்தேன். உனக்கு மட்டும் குடுக்கல. நீ அவுட்டாகவே இல்ல. ஜெயிச்சுக்கிட்டே இருந்த. நானும் பார்த்து ரசிச்சுக்கிட்டே இருந்துட்டேன்."

அவங்க வாயில இருந்து தப்புங்கிற வார்த்தையை நான் அன்னைக்குத்தான் கேட்டேன்.

மாயன் பைப்பட்டையைத் திருகிக்கிட்டே நின்னான்.

"உன் தங்கச்சிக்கு ரெண்டு பிள்ளைங்கள்ல?"

"ஆமா டீச்சர்."

"சின்னவளுக்குக் காது குத்தியாச்சா?"

"அதெப்படி டீச்சர்? மூத்தவளுக்குக் குத்தாம சின்னவளுக்கு..."

பாதியிலயே நிப்பாட்டிட்டான். வாய் திறந்தபடி இருந்துச்சு.

பஸ் வந்து நின்னுச்சு. கண்டக்டர் படியில தொங்கிக்கிட்டு, "திண்டுக்கல், திண்டுக்கல்! ஏறுறதுன்னா ஏறுங்கப்பா"ன்னான். டீச்சர் ஏறுன்னும் சொல்லல, ஏறாதன்னும் சொல்லல. பிடிச்சு நிறுத்தவும் இல்ல. ரோட்டோரத்துல ஒதுங்கி வழி விட்டு நின்னாங்க. எனக்கு அவன் கையைப் பிடிச்சு இழுக்கணும்போல இருந்துச்சு. டீச்சரே சும்மா நிக்கிறப்ப நான் யாரு?

"ஏறுறியா இல்லியாய்யா? நேரமாகுது."

மாயன் இல்லேன்னு தலையை ஆட்டினான். பஸ் போயிருச்சு.

மூணு பேரும் திரும்பி வந்தோம். கேட்டுக்குள்ள நுழைஞ்சதும் மாயன் அப்படியே நின்னுட்டான். அவன் பார்த்ததை நானும் பார்த்தேன்.

கூட்டம் கலைஞ்சு, ஆளாளுக்குக் கடலையும் ஐஸுமா திரிஞ்சுக்கிட்டிருந்துச்சு. ஆட்டம் நின்னு எவ்வளவு நேரமாச்சு! ஆனா கோட்டுக்கு வெளிய போஸும் மத்தவங்களும் இடத்தை விட்டு அசையாம உட்கார்ந்திருந்தாங்க. ஒருத்தன் பைனான்ஸ் கம்பெனி மேனேஜர், ஒருத்தன் வார்டு மெம்பரு, ஒருத்தன் லாரி டிரைவரு, ஒருத்தன் அரிசி மண்டி முதலாளி. எல்லாம் மண்ணுல சம்மணம் போட்டு, அவுட்டான வரிசைப்படி. போஸுக்கு முன்னால ஒரு ஆளு உட்கார்ற அளவுக்கு இடம் காலியாக் கிடந்துச்சு. அதுல ஒருத்தனும் நகர்ந்து உட்காரல. அந்தப் பக்கம் பசங்கள்ல இன்னும் அவுட்டா இருந்த ஒருத்தனும் அதே மாதிரி இடத்தை விட்டு அசையல. தண்ணிகூடக் குடிக்கப் போகல.

இத்தனை வருஷமா அந்த வரிசையில நான் உட்கார்ந்திருக்கேன். வெளிய நின்னு அன்னைக்குத்தான் பார்த்தேன். உடம்பு சிலிர்த்துருச்சு. கருப்பு கோயில்ல நடுச்சாமம் சாமி இறங்குறப்பகூட எனக்கு இப்படி ஆனதில்ல.

"வந்துட்டியாடா பாவி"ன்னான் போஸு. "காலு மரத்துப் போச்சு."

மாயன் பையைக் கீழ வச்சான். சட்டையைக் கழட்டினான். அந்தக் காலி இடத்துக்குப் போயி நின்னான். டீச்சர் விசில் ஊதி ரெண்டு விரலைத் தூக்கினாங்க. மாயன் கோட்டுக்குள்ள கால் வச்சான். அவன் முதுகை ஒட்டியே போஸு குதிச்சு உள்ள வந்தான். வந்தவன் மாயன் பிடரியில ஒண்ணு வச்சான். செல்லமாத்தான்.

கூட்டம் திரும்ப ஓடி வந்துச்சு. மாயன் ரைடு போனான். இந்தத் தடவை ஒருத்தனைத் தொட்டான். அடுத்த ரைடுல அந்த ஒல்லிப் பையனே மறுபடியும் கணுக்காலைப் பிடிச்சான். பிடிச்ச பிடி அப்படி! நாங்க அந்த வயசுல பிடிச்ச அதே பிடி. விசில்.

மாயன் எந்திரிச்சான். மண்ணைத் தட்டினான். நான் மூச்சைப் பிடிச்சுக்கிட்டுப் பார்த்தேன். டீச்சரும் பார்த்தாங்கன்னு நினைக்கிறேன். ஆனா காட்டிக்கல.

அவன் கோட்டைத் தாண்டி, வரிசைக்குக் கடைசியில போயி உட்கார்ந்தான். முட்டி மடங்கல. ஒரு காலை நீட்டி, ஒரு காலை மடக்கி, கையை ஊனி, கொஞ்சங் கொஞ்சமா உட்கார்ந்தான். உட்கார்ந்து ஆட்டத்தைப் பார்த்தான்.

நாங்க தோத்தோம். அதைப் பத்திக் கேக்காதீங்க. ஆட்டம் முடியறதுக்குக் கொஞ்சம் முன்னால நானும் அவுட்டாகி அவன் பக்கத்துல போயி உட்கார்ந்ததால, மிச்சத்தைக் காதால கேட்டேன்.

டீச்சர் ஓரக்கோட்டை ஒட்டி நடந்து வந்துக்கிட்டிருந்தாங்க. கண்ணு ரைடு போற பையன் கால் மேலயே இருந்துச்சு.

"டீச்சர்."

"சொல்லு."

"நாளைக்கு எங்கப்பா சபையில வச்சுத் திட்டுவாரு."

"திட்டுவாரு."

"கை நீட்டினாலும் நீட்டிருவாரு."

டீச்சர் அவன் பக்கம் திரும்பல. விசிலை வாய்க்குக் கொண்டு போனவங்க, ஒரு நிமிஷம் அதைக் கீழ இறக்கினாங்க.

"எந்திரிச்சுராத மாயா. பிள்ளை மடியில இருப்பா."